நடக்காத ஒன்றை 'நடந்திருக்கலாம்' என்கிறோமே, அது எப்படி உண்மையாக முடியும்?

சாத்தியம், அவசியம் பற்றி ஆராயும் மோடல் அளவையியலின் அடிக்கேள்வியே இதுதான். மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்கு அளவையியல் படிப்பிக்கிறேன்; இதை விளக்க, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மாரியில் வாவி நிரம்பி, மேற்குக் கரையான படுவான்கரையின் வயலுக்குள் தண்ணீர் ஏறும். முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு இறங்கும். வெட்டுவது பிந்திவிட்டால், "ரெண்டு நாள் முந்தி வெட்டியிருந்தா வெள்ளாமை தப்பியிருக்கும்" என்பார் ஒருவர். "அந்த மழைக்கு எப்ப வெட்டியும் பிரயோசனமில்லை" என்பார் இன்னொருவர். இருவரும் கதைப்பது நடக்காத ஒரு வெட்டைப் பற்றி. ஆனாலும் இரண்டு பேரும் சரியாக இருக்க முடியாது.

இத்தகைய பேச்சுக்கு அடிப்படையான 'சாத்தியம்', 'அவசியம்' என்பவற்றுக்குத் திருத்தமான பொருள் தந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மெய்யியலாளர் சோல் கிரிப்கி. 1959இல் முதல் கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு வயது 18. எல்லாம் நடந்திருக்கக்கூடிய ஒவ்வொரு விதத்தையும் ஒரு 'சாத்திய உலகம்' என்போம். ஓர் உலகிலாவது உண்மையென்றால் சாத்தியம், எல்லா உலகிலும் உண்மையென்றால் அவசியம் என்பது ஜெர்மன் மெய்யியலாளர் லைப்னிட்ஸோடு சேர்த்துப் பேசப்படும் பழைய எண்ணம். எந்த உலகிலிருந்து எந்த உலகை எட்டலாம் என்ற உறவை கிரிப்கி அதில் சேர்த்தார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. இயற்கை விதிகளை மீறாத உலகங்களை மட்டும் எட்டலாம் என்றால், வாவித் தண்ணீர் தானாக மேட்டுக்கு ஏறுவது சாத்தியமில்லை. தர்க்க முரண் இல்லாவிட்டால் போதும் என்றால் அதுவும் சாத்தியம். கடமையைப் பற்றிப் பேசும்போது, கடமைகள் நிறைவேறிய உலகங்களை மட்டும் எட்டுகிறோம். நம் உலகம் அதற்குள் வராமலும் போகலாம். அதனால்தான் 'வெட்டியிருக்க வேண்டும்' என்பதிலிருந்து 'வெட்டினார்கள்' என்ற முடிவு வராது.

சரி, அந்த உலகங்கள் எங்கே இருக்கின்றன? அவையும் நம் உலகம் போலவே நிஜம், அங்கே இருப்பவர்கள் நம்மை ஒத்த வேறு ஆட்கள் என்றார் இன்னொரு அமெரிக்க மெய்யியலாளர் டேவிட் லூயிஸ். 1970இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய உரைகளில் கிரிப்கி இதை எதிர்த்தார். 1968 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நிக்சனிடம் தோற்ற ஹம்ப்ரி 'நான் வென்றிருக்கலாம்' என்று நினைக்கிறார். தன்னைப் போன்ற யாரோ வேறெங்கோ வென்றதால் அவருக்கு என்ன? அந்த ஆள் வென்றதனால்தான் ஹம்ப்ரியே வென்றிருக்கக்கூடியவர் ஆகிறார் என்று லூயிஸ் பதில் சொன்னார். கெட்டித்தனமான பதில், ஆனால் எனக்கு ஒப்பவில்லை. வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் கவலைப்படுவது தன் வயலுக்காக. சாத்திய உலகம் தொலைநோக்கியில் பார்த்துக் கண்டுபிடிப்பதல்ல, நாம் வகுத்துக்கொள்வது என்ற கிரிப்கியின் கட்சிதான் என் கட்சியும். இதே வயல், இதே மழை, வெட்டு மட்டும் இரண்டு நாள் முந்தி என்று வகுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தண்ணீர் வடிந்திருக்கும் என்பதை அந்த நாட்களின் வாவி மட்டத்தையும் கடலின் வற்றுப்பெருக்கையும் வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.