சிறுவர் புத்தகம் படமாகும்போது: கேள்வி பதில்

காட்பாடியில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஒரு கதையை வாசித்து முடிப்போம், பிறகு அதன் படத்தைப் போடுவோம். இந்த அக்னி நட்சத்திர வெயிலில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம், எதைப் படிக்கக் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

சத்துவாச்சாரி அம்மா: அக்கா, ஜங்கிள் புக் போட்டேன். அந்த மலைப்பாம்பு வந்ததும் பையன் பயந்துக்கினு எழுந்து ஓடிட்டான். புத்தகத்திலும் அப்படித்தானா?

இல்லைம்மா. கிப்ளிங் 1894-இல் எழுதிய புத்தகத்தில் கா என்கிற அந்தப் பாம்பு மௌக்லிக்கு வேண்டிய ஆள். குரங்குக் கூட்டம் பையனைப் பாழடைந்த நகரத்துக்குத் தூக்கிப் போய்விட்டபோது, கரடி பலூவும் கருஞ்சிறுத்தை பகீராவும் உதவி கேட்டுப் போவதே காவிடம்தான். 1967-இல் வந்த டிஸ்னி கார்ட்டூன்தான் அதைப் பையனை விழுங்கப் பார்க்கிற பாம்பாக ஆக்கியது. 2016-இல் வந்த படமும் அதையே பிடித்துக்கொண்டது. குரங்கு ராஜா லூயியும் புத்தகத்தில் கிடையாது. கிப்ளிங்கின் குரங்குகளுக்குத் தலைவனும் இல்லை, சட்டமும் இல்லை. காட்டில் மற்றவர்கள் அவற்றைச் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருப்பதே அதனால்தான்.

பாம்பையும் ராஜாவையும் விட்டுவிடலாம். எனக்கு மனசு ஆறாதது புலி ஷேர்கானை முடிக்கிற இடம். புத்தகத்தில் மௌக்லி எருமை மேய்க்கிற பையன். புலி தின்று, குடித்து, வயிறு கனத்து ஓடைப் பள்ளத்தில் படுத்திருக்கிறது என்று தெரிந்ததும் மந்தையை இரண்டாகப் பிரிக்கிறான். கடாக்கள் ஒரு பக்கம், பெட்டை எருமைகளும் கன்றுகளும் மறுபக்கம். ராமா என்கிற கடாவின் முதுகில் ஏறிக்கொண்டு மேல்பக்கத்திலிருந்து கடாக்களை விரட்டிவிடுகிறான். இரண்டு பக்கமும் செங்குத்தான கரை. புலிக்கு ஏற வழியில்லை. எருமை பார்த்து வளர்ந்த நம் பக்கத்துப் பிள்ளைக்கு அந்தப் பக்கத்தை வாசித்தால் உடம்பு சிலிர்க்கும். கார்ட்டூனில் மின்னல் விழுந்து தீப்பிடித்த கிளையைப் புலி வாலில் கட்டியதோடு கதை முடிந்துவிடுகிறது. யோசனையெல்லாம் போய்விட்டது, தீ மட்டும் மிச்சம். பையனுக்கு அந்த அத்தியாயத்தை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். பாம்புப் பயமும் போய்விடும்.

ஒன்று மட்டும் கவனம்: அட்டையில் படத்தின் போஸ்டரைப் போட்டு, உள்ளே படக் கதையையே சுருக்கி எழுதிய புத்தகங்கள் விற்கின்றன. ஆசிரியர் பெயரும் இருக்கும். வாங்காதீர்கள். அதில் கிப்ளிங்கின் எருமைகளைத் தேடினால் கிடைக்காது.

காட்பாடி தந்தை: முதலில் புத்தகமா, படமா?

புத்தகம்.

ராணிப்பேட்டை கல்லூரி மாணவர்: மேடம், புத்தகத்துக்கு உண்மையா இருக்கிற படம்னு எதைச் சொல்லுவீங்க? ஒரு காட்சி விடாம எடுத்தா போதுமா?

போதாது தம்பி. கதையில் பிள்ளை செய்கிற காரியத்தைப் பிள்ளை கையிலேயே விட்டுவைக்கிற படம்தான் எனக்கு உண்மையான படம். மற்றதெல்லாம் மாறலாம்.

நீல் கெய்மன் எழுதிய கோரலைன் 2002-இல் வந்தது. ஹென்ரி செலிக் 2009-இல் படமாக்கினார். பொம்மைகளை ஒரு ஃப்ரேம் விடாமல் கையால் நகர்த்தி எடுத்த படம், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் புத்தகத்தில் இல்லாத ஒரு பையனைச் சேர்த்தார்கள். புத்தகத்தில் கோரலைன் என்கிற அந்தப் பெண் தனியாகத்தான் இருப்பாள். படத்தில் அவள் நினைப்பதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அதற்காகச் சேர்த்தது. அதுவரை நியாயம். கடைசியில்தான் வம்பு. புத்தகத்தில் கோரலைன் கிணற்று வாயின் மேல் விரிப்பை விரித்து, பொம்மைகளை உட்கார வைத்து, தேநீர் விருந்து நடத்துவதுபோல நடித்து, மறு உலகக் கதவின் சாவிக்கு ஆசைப்பட்டு வருகிற, அங்கிருந்த போலி அம்மாவின் அறுந்த கையைக் கிணற்றுக்குள் விழவைக்கிறாள். கூட யாரும் இல்லை, திட்டமும் அவளுடையது. படத்தில் சரியான நேரத்துக்கு அந்தப் பையன் வந்து காப்பாற்றுகிறான். கிணறும் சாவியும் கையும் அப்படியே இருக்கின்றன. காரியம் மட்டும் அவளிடமிருந்து போய்விட்டது.

இதற்கு எதிர்ப்பக்கம் சத்யஜித் ராய். ‘சோனார் கெல்லா’ அவரே எழுதிய துப்பறியும் கதை. போலி டாக்டர் யார் என்பது புத்தகத்தில் கடைசியில்தான் தெரியும். 1974-இல் படமாக்கியபோது அதை ஆரம்பத்திலேயே காட்டிவிட்டார். பெரிய மாற்றம். ஆனால் முற்பிறவி நினைவுள்ள முகுல் என்கிற சின்னப் பையன் அந்த ஆளோடுதான் ராஜஸ்தானுக்குப் பயணம் போகிறான், அவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். யார் திருடன் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, படம் முழுக்கப் பையனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறோம். கதையை மாற்றிக் குழந்தையைக் கிட்டே கொண்டுவந்தார்.

கோரலைன் விஷயத்தில் இன்னொன்று: கார்ட்டூன்போல இருக்கிறதே என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போட்டுவிடாதீர்கள். கண்ணுக்குப் பதில் பொத்தான் தைத்த அம்மா வருவாள்.

தொரப்பாடி அம்மா: செல்போன்ல படம் பார்த்தா பிள்ளைக்குக் கண் கெட்டுப்போகுமா?

இது கண் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி. நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை, ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள்.

பெயர் போடாதவர்: ஹாரி பாட்டர் எல்லாப் படமும் தமிழ்ல டவுன்லோடு பண்ண லிங்க் வேணும்.

தரமாட்டேன்.

பாகாயம் பள்ளி மாணவி: ஹாரி பாட்டர் கடைசிப் படத்தில் எதை மாற்றியிருக்கிறார்கள்? என் தோழி எல்லாம் ஒன்றுதான் என்கிறாள்.

ஏழு புத்தகம், 2001 முதல் 2011 வரை எட்டுப் படம், மாற்றம் நிறைய. உனக்கு ஒன்று சொல்கிறேன், தோழியிடம் கேட்டுப் பார். புத்தகத்தில் கடைசிச் சண்டை பெரிய கூடத்தில், எல்லாரும் சுற்றி நின்று பார்க்க நடக்கிறது. ஹாரி பேசியே எதிரி வோல்டமோர்ட்டுக்கு விஷயத்தைப் புரியவைக்கிறான். படத்தில் இரண்டு பேர் மட்டும் வெளிமுற்றத்தில். அப்புறம் எல்லாவற்றிலும் வலிமையான அந்த எல்டர் மந்திரக்கோல்: புத்தகத்தில் ஹாரி முதலில் அதைக்கொண்டு உடைந்துபோன தன் பழைய கோலைச் சரிசெய்துகொள்வான். படத்தில் அதை முறித்துத் தூக்கி எறிந்துவிடுவான். பழைய கோல் உடைந்தது உடைந்ததுதான். பதினொரு வயதில் கடையில் தேடி வாங்கிய கோல் அது.

ஆற்காடு அப்பா: படம் பார்த்துட்டா அப்புறம் பசங்க புத்தகம் படிக்க மாட்டாங்களே, எதை முதல்ல கொடுக்கலாம்?

மேலே சொல்லியிருக்கிறேன். புத்தகம்.

ஆரணி பெரியவர்: அம்மா, வெளிநாட்டுக் கதையாகவே சொல்கிறீர்கள். 1965-இல் ஏவி.எம். எடுத்த ‘குழந்தையும் தெய்வமும்’ நம் படம், நம் கதை. குட்டி பத்மினி இரட்டை வேஷம். அதைப்போல ஒரு சிறுவர் படம் உண்டா?

ஐயா, படத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. கிருஷ்ணன்–பஞ்சு கைவண்ணம், எம்.எஸ்.வி. இசை, எம்.எஸ். ராஜேஸ்வரி குரலில் ‘கோழி ஒரு கூட்டிலே’. ஆனால் கதை ஜெர்மனியில் பிறந்தது. எரிக் கேஸ்ட்னர் 1949-இல் வெளியிட்ட ‘தாஸ் டொப்பல்டே லோட்ஷென்’ என்கிற சிறுவர் நாவல். தனித்தனியே வளர்ந்த ஒன்பது வயது இரட்டையர் இருவர் கோடை முகாமில் சந்தித்து, ஆள் மாறி வீட்டுக்குப் போகிறார்கள். ஒருத்தி வியன்னாவில் இசைக்குழு நடத்துகிற அப்பாவிடம் வளர்ந்தவள். மற்றவள் மியூனிக்கில் பத்திரிகை ஆபீஸில் வேலை பார்க்கிற அம்மாவிடம். டிஸ்னி 1961-இல் ‘தி பேரன்ட் டிராப்’ என்று எடுத்தது. அங்கிருந்து நம் ஊருக்கு வந்தது. நம்மிடமிருந்து தெலுங்குக்கும், 1968-இல் நீத்து சிங் நடித்த ‘தோ கலியான்’ என்று இந்திக்கும் போனது.

வாலாஜாபேட்டை வாசகர்: அப்போ அது காப்பிதானே? ஆரணி ஐயா பெருமைப்பட என்ன இருக்கு?

ஆரணி பெரியவர்: தம்பி, மாமியார் பேத்தியைப் பிரிப்பதும், வீட்டோடு மாப்பிள்ளையின் ரோஷமும் ஜெர்மனியிலா நடக்கும்?

பெரியவர் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். கேஸ்ட்னரின் கதையில் தம்பதி பிரிவது அவர்கள் இருவருக்குள் நடக்கிற விஷயம். தமிழில் அது பாட்டியின் அகம்பாவமாக மாறியது. பிரிவுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு காரணம் கொடுத்தார்கள். அதற்கு ஒரு முகமும் கொடுத்தார்கள். காப்பி என்று தள்ளுகிறவர்கள் இந்த உழைப்பைப் பார்ப்பதில்லை. என் கணக்கில் அந்தப் படம் தேறுகிறது. பெரியவர்கள் பிரித்ததை ஒட்டவைக்கிற வேலை அதிலும் பிள்ளைகள் கையில்தான் இருக்கிறது.

குடியாத்தம் ஆசிரியர்: உங்கள் கணக்கை ஒப்புக்கொள்ள முடியவில்லை. பழியைப் பாட்டி மேல் போட்டதால் அப்பா அம்மா இருவரும் நல்லவர்களாகத் தப்பித்துக்கொண்டார்கள். பெற்றவர்களே தவறு செய்யலாம் என்று ஜெர்மன் புத்தகம் பிள்ளைகளிடம் சொல்கிறது. தமிழ்ப்படம் அதை மறைத்துவிட்டது. காரியத்தைக் கையில் கொடுத்தால் போதுமா? உண்மையைக் கொடுக்க வேண்டாமா?

சார், இந்தப் பக்கம் வந்த கேள்விகளிலேயே கனமானது இதுதான். கேஸ்ட்னர் கதையை நிறுத்திவிட்டு இதைப் பற்றியே பேசுகிறார். பிரிந்த பெற்றோரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசலாமா என்று முகம் சுளிக்கிற பெரியவர்களுக்கு அவர் ஷெர்லி டெம்பிளைக் காட்டுகிறார். உலகமே பார்த்த குழந்தை நட்சத்திரம். வயது போதாது என்று, தான் நடித்த படத்தைப் பார்க்கத் தியேட்டருக்குள் விடவில்லையாம். பிள்ளைகள் அந்தத் துன்பத்தை அனுபவிக்கலாம், அதைப் பற்றிப் படிக்க மட்டும் கூடாதா என்பது அவர் கேட்பதன் சாரம். லேசான ஆள் அல்ல அவர். 1933-இல் பெர்லினில் நாஜிகள் அவர் புத்தகங்களை எரித்தபோது கூட்டத்தில் நின்று பார்த்தவர். பிறகு எழுதத் தடை. இந்த இரட்டையர் கதையையே அந்தக் காலத்தில் முதலில் சினிமாவுக்காகத்தான் எழுதிவைத்தார். படம் நடக்காமல் போரெல்லாம் முடிந்தபின் புத்தகமானது.

ஆகவே பாட்டியைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1965-இல் தியேட்டரில் அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு, கோபத்தில் பிரிந்த பெற்றோர் என்கிற காட்சியைக் காட்டியதே பெரிய காரியம். புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அப்பா மணக்கப் போகிற பெண்ணின் வீட்டுக்கு இரட்டையரில் ஒருத்தியான லோட்டி தனியாகப் போய், நீங்கள் அப்பாவைக் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று நேருக்கு நேர் சொல்கிற இடம். ஒன்பது வயது! அந்தத் தெம்பு குட்டி பத்மினியின் நடிப்பில் இருக்கிறதா இல்லையா என்று இன்னொரு முறை பாருங்கள்.

செய்யாறு வாசகர்: அக்கா, எங்க பக்கம் பாரதக் கூத்துல கட்டியங்காரன் வர்றான். வியாசர் எழுதினாரா அவனை? ஜனங்க விடிய விடிய உட்கார்ந்து பார்க்கலையா? இதுக்கு ஏன் இவ்ளோ சண்டை?

நல்லாச் சொன்னீர்கள். புரிசையில் ஆடினாலும் எங்கே ஆடினாலும், கட்டியங்காரன் கேலி பேசுவான், ராஜாவையே கிண்டல் செய்வான். ஆனால் திரௌபதி சபதம் செய்கிற இடத்தில் அந்தச் சபதத்தை அவன் எடுத்துச் செய்வதில்லை. அது அவளுடையது. கோரலைன் படத்தில் சேர்த்த பையனிடம் நான் எதிர்பார்த்ததும் இந்த ஒழுங்கைத்தான்.

குடியாத்தம் ஆசிரியர்: சுருக்கப் பதிப்பு வாங்காதே என்கிறீர்கள். ‘பதேர் பாஞ்சாலி’ படம் பிறந்ததே சிறுவர்களுக்காகச் சுருக்கிய பதிப்பிலிருந்துதானே?

ஆமாம் சார். அந்தப் பதிப்புக்கு ஓவியம் வரைந்தவரே சத்யஜித் ராய்தான். வரைந்தபோதுதான் படமாக்கும் எண்ணம் வந்தது. அது விபூதிபூஷண் நாவலைப் பிள்ளைகள் கைக்குக் கொண்டுபோகச் சுருக்கியது. நான் வேண்டாம் என்பது படத்தை விற்பதற்காகச் சுருக்குவதை. அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

திருவலம் அம்மா: முதல்ல புக்கா படமா மேடம்?

இதே கேள்வி மூன்றாவது முறை. தயவுசெய்து மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கேளுங்கள். போஸ்டர் அட்டை போட்ட புத்தகத்தையும் வாங்காதீர்கள், அதையும் மறுபடி சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூர் வாசகர்: விஸார்ட் ஆஃப் ஓஸ் பார்க்கலாமா?

தாராளமாக. 1939 படம். 1900-இல் ஃபிராங்க் பாம் எழுதிய புத்தகத்தில் டாரதியின் செருப்பு வெள்ளி. டெக்னிகலரில் எடுப்பாகத் தெரிய மாணிக்கச் சிவப்பாக்கினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. கடைசியில் எல்லாம் கனவு என்று முடித்ததில்தான் வருத்தம். புத்தகத்தில் அவள் நிஜமாகவே போய்வந்தவள். திரும்பும்போது, புயல் தூக்கிப்போன வீட்டுக்குப் பதில் மாமா புது வீடே கட்டியிருப்பார்.

வேலப்பாடி ஆசிரியை: அரசுப் பள்ளியில் இந்த மாதிரிப் படங்கள் போட அனுமதி உண்டா?

2022-இல் அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் படம் காட்டுகிற திட்டம் தொடங்கியது. தலைமையாசிரியரிடம் பேசுங்கள்.

கணியம்பாடி சிறுவன்: இந்தச் சனிக்கிழமை என்ன படம் அக்கா?

அதே கேஸ்ட்னரின் ‘எமிலும் துப்பறிவாளர்களும்’, 1931-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். பில்லி வைல்டர் திரைக்கதை. ரயிலில் பணத்தைத் திருடியவனை பெர்லின் தெருக்களில் பிள்ளைகள் கூட்டமாகத் துரத்துவார்கள். ஜெர்மன் பேச்சு, நான் கூடவே தமிழில் சொல்லிக்கொண்டு வருவேன். முதல் மூன்று அத்தியாயத்தையாவது படித்துவிட்டு வா. ஐந்து மணிக்கு ஆரம்பம். பாய் கொண்டுவா, தரை சுடும்.