கேமராவைக் கணினியிலிருந்து இயக்குவது: கேள்வி பதில்

டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்களை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, கட்டற்ற மென்பொருளால் இயக்குவது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் சொல்வது பெரும்பாலும் லினக்ஸுக்கு. மற்றவர்களுக்கானது நடுவில் வரும்.

கேள்வி: டார்க்டேபிள், என்டாங்கிள், ஜிபோட்டோ2 என்று ஆளுக்கொரு மென்பொருளைச் சொல்கிறார்கள். எதில் தொடங்குவது?

ஜிபோட்டோ2வில் தொடங்குங்கள். இந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது லிப்ஜிபோட்டோ2 என்கிற ஒரே நிரல் நூலகம்தான் (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்பு), கேமராவோடு பேசுகிற வேலையை அதுதான் செய்கிறது. டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், ஓடுகிற ஜிபோட்டோ2 அதற்கு மிக நெருக்கமான கருவி என்பதால், ஏதாவது தவறாகப் போனால் காரணம் அங்கேதான் பளிச்சென்று தெரியும். முதல் கட்டளை ஆட்டோ-டிடெக்ட். கேமராவின் பெயர் வந்துவிட்டால் அடுத்து அபிலிட்டீஸ் என்று கேளுங்கள். படம் எடுக்க முடியுமா, நேரலைக் காட்சி வருமா, அமைப்புகளை மாற்ற முடியுமா என்பதை அது வரிவரியாகச் சொல்லிவிடும். கேமரா வாங்குவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது இன்னும் நல்லது, ஏனென்றால் கார்டிலிருக்கும் படங்களை இறக்க மட்டும் அனுமதித்து, ஷட்டரைத் தொட விடாத மாடல்களும் இருக்கின்றன.

கேள்வி: அண்ணா, பெயர் சரியாக வருகிறது. ஆனால் படம் எடுக்கச் சொன்னால் யூஎஸ்பி சாதனத்தைப் பிடிக்க முடியவில்லை என்று பிழை. கேபிளை மாற்றியும் அதேதான்.

கேபிளை விடுங்கள் தம்பி, அது நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் கேமராவை மாட்டியவுடன் டெஸ்க்டாப் அதை ஒரு பென் டிரைவ் போலத் தானாகத் திறந்து வைத்துக்கொள்கிறது. க்னோம் போன்ற டெஸ்க்டாப்களில் ஜிவிஎஃப்எஸ் என்கிற பின்னணிச் சேவை இதைச் செய்கிறது. ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் கேமராவைப் பிடிக்க முடியும், அதனால் ஜிபோட்டோ2வுக்கு இடமில்லை. ஃபைல் மேனேஜரில் கேமராவின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வெளியேற்றும் பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி முயலுங்கள். ஒவ்வொரு முறையும் இப்படித் தொல்லை தந்தால், ஜிவிஎஃப்எஸ்ஸின் ஜிபோட்டோ2 கண்காணிப்புச் சேவையை நிறுத்தி வையுங்கள். மேக்கிலும் இதே கதைதான், அங்கே கேமராவைப் பிடித்துக்கொள்வது பிடிபிகேமராடி என்கிற சேவை. என்னிடம் உதவி கேட்டு வருபவர்களில் பாதிப் பேருக்குச் சிக்கல் இதுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: விண்டோஸில்?

டிஜிகேம்கண்ட்ரோல். அதுவும் திறமூலம்தான், விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. விண்டோஸில் ஜிபோட்டோ2வை ஓட வைக்க யூஎஸ்பி டிரைவரையே மாற்ற வேண்டியிருக்கும், அந்த வழிக்குப் போகாதீர்கள்.

கேள்வி: ஷட்டர் சத்தம் கேட்கிறது, ஆனால் படம் கார்டிலும் இல்லை, கணினியிலும் இல்லை. எங்கே போகிறது?

கேமராவின் தற்காலிக நினைவகத்துக்குப் போய், அங்கேயே அழிந்துவிடுகிறது. கேப்சர்டார்கெட் என்று ஓர் அமைப்பு உண்டு. கணினியிலிருந்து இயக்கும்போது பல கேமராக்களில் அது உள் நினைவகம் என்றே இருக்கும். அதை மெமரி கார்டு என்று மாற்றுங்கள். மாற்றியபின் வெறும் கேப்சர்-இமேஜ் கட்டளைக்குப் பதிலாக, எடுத்த கையோடு இறக்கியும் தரும் கேப்சர்-இமேஜ்-அண்ட்-டவுன்லோடைப் பயன்படுத்துங்கள். இறக்கியதும் கார்டில் இருக்கும் பிரதி அழிந்துவிடும், அதுவும் வேண்டுமென்றால் கீப் என்று ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். முக்கியமான நிகழ்ச்சி என்றால் கீப் இல்லாமல் வேலை செய்யவே செய்யாதீர்கள்.

கையில் கேமராவைப் பிடித்து நீங்களே ஷட்டரை அழுத்தி, படம் மட்டும் பெரிய திரையில் உடனே தெரிய வேண்டும் என்பவர்களுக்கு கேப்சர்-டெதர்ட் என்று தனிக் கட்டளை இருக்கிறது.

கேள்வி: மொட்டை மாடியிலிருந்து மேகங்களை டைம்லாப்ஸாக (இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டும் காணொளியாக) எடுக்க வேண்டும். என்னென்ன கவனிக்க வேண்டும்?

கட்டளை எளிது. இன்டர்வல் 10, ஃப்ரேம்ஸ் 360 என்று கொடுத்தால் 10 வினாடிக்கு ஒன்றாக ஒரு மணி நேரம் எடுக்கும், வினாடிக்கு 24 ஃப்ரேம் வைத்து ஓட்டினால் 15 வினாடி காணொளி. கவனமெல்லாம் கேமராவில்தான் வேண்டும். டயலை எம்-மில் (மேனுவல்) வையுங்கள், ஐஎஸ்ஓவையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு வெளிச்சத்தில் வந்து காணொளி மினுக்கும். ஒருமுறை ஃபோகஸ் செய்ததும் லென்ஸை எம்எஃப்புக்கு (மேனுவல் ஃபோகஸ்) தள்ளிவிடுங்கள். ஆட்டோஃபோகஸ் பிடிக்காவிட்டால் கேமரா படமெடுக்கவே மறுக்கும், மங்கலான வானத்தில் இது எளிதில் நடக்கும். தானாக அணைந்துபோகும் வசதியை நிறுத்துங்கள். இடைவெளி, எக்ஸ்போஷர் நேரத்தையும் படம் இறங்கும் நேரத்தையும் சேர்த்தாலும் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், அளவில் பெரிய ரா கோப்பு என்றால் இன்னும் தாராளமாக விடுங்கள்.

அப்புறம் ஷட்டரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 10 வினாடிக்கு ஒன்றாக 8 மணி நேரம் ஓடினால் 2,880 படங்கள். 1,00,000 முறைக்கு என்று தயாரான ஷட்டர் என்றால் இப்படித் தினமும் ஓட்டினால் 35 நாளில் அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிடும். மின்னணு ஷட்டர் உள்ள கேமராவாக இருந்தால் அதையே போடுங்கள்.

கேள்வி: சிறிய பொருட்களைப் படமெடுக்கிறேன். முன்னிருந்து பின்வரை எல்லாம் தெளிவாக வர, ஃபோகஸைக் கணினியிலிருந்தே நகர்த்த முடியுமா?

முடியும், எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. மேனுவல்ஃபோகஸ்டிரைவ் என்கிற அமைப்பைப் பாருங்கள். கேனனில் அருகே, தூரே என்று இரு திசையிலும் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று நகர்வு அளவுகள் கிடைக்கும், நிக்கானில் எண் கொடுத்து நகர்த்தலாம். பெயரில் மேனுவல் என்று இருந்தாலும் கேனனில் லென்ஸின் பொத்தான் ஏஎஃப்பில்தான் (ஆட்டோஃபோகஸ்) இருக்க வேண்டும், ஏனென்றால் நகர்த்துவது லென்ஸுக்குள் இருக்கும் மோட்டார். நேரலைக் காட்சியும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பொருளின் முன்முனையில் ஃபோகஸ் வைத்து, ஒரு படம், ஒரு சிறிய நகர்வு, மறுபடி ஒரு படம் என்று ஸ்கிரிப்ட் எழுதிவிடுங்கள். திசையை நடுவில் மாற்றாதீர்கள், லென்ஸின் பற்சக்கரங்களில் இருக்கும் தளர்ச்சியால் போன இடத்துக்கே திரும்பி வராது. படங்களை ஒன்றாக்க என்ஃப்யூஸ் என்கிற மென்பொருள் போதும். ஷெல் ஸ்கிரிப்ட் பழகாதவர்களுக்குப் பைத்தான் மொழியில் எழுதப் பைத்தான்-ஜிபோட்டோ2 இருக்கிறது.

கேள்வி: வெப்கேமாகப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். கேப்சர்-மூவி தரும் காட்சியை எஃப்எஃப்எம்பெக் என்கிற காணொளிக் கருவி வழியாக, போலி வெப்கேமை உருவாக்கும் வி4எல்2லூப்பேக் என்கிற கர்னல் தொகுதிக்கு அனுப்பினால், அழைப்புச் செயலிகள் அதை வெப்கேம் என்று நம்பிக்கொள்ளும். குரோமில் தெரியவில்லை என்றால் அந்தத் தொகுதியை ஏற்றும்போது எக்ஸ்க்ளூசிவ்-கேப்ஸ் மதிப்பை 1 என்று கொடுங்கள். கிடைப்பது நேரலைக் காட்சியின் அளவுதான், பல மாடல்களில் அகலம் ஆயிரம் பிக்சல் சுற்றி இருக்கும். ஆனாலும் லென்ஸ் தரும் அழகு வந்துவிடும். நீண்ட அழைப்புக்கு டம்மி பேட்டரி (பேட்டரி இடத்தில் மாட்டி மின்சாரம் தரும் அடாப்டர்) அவசியம்.

கேள்வி: இதனால் கேமரா கெட்டுப்போகுமா?

பயப்பட வேண்டாம். கணினி பேசுவது பிடிபி என்கிற முறையில், ஐஎஸ்ஓ 15740 என்று தரப்படுத்தப்பட்டது, அதன் மேல் ஒவ்வொரு நிறுவனமும் சேர்த்த கூடுதல் கட்டளைகள். கேமராவின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள் இருக்கும் மென்பொருளை, ஜிபோட்டோ2 மாற்றுவதில்லை. எப்போதாவது கேமரா உறைந்து நின்றால் அணைத்து, பேட்டரியைக் கழற்றி மாட்டுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: சோனி கேமராவில் படங்களை இறக்க மட்டும் முடிகிறது, ஷட்டர் அசையவில்லை.

மெனுவில் யூஎஸ்பி இணைப்பு முறையை பிசி ரிமோட் என்று மாற்றிவிட்டு, கேபிளைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.