அழுத்தமா, சோர்வா?

கேள்வி: மாத்திரை இல்லாமல், இயற்கையான முறையில் மன அழுத்தத்தைப் போக்க வழி சொல்லுங்கள். நாலு மாதமாக எதிலும் ஆர்வமில்லை. மூடு வந்தால் எல்லாம் செய்வேன். அதுதான் வரமாட்டேன் என்கிறது.

பதில்: 'மன அழுத்தம்' என்ற சொல்லோடு எனக்குப் பழைய சண்டை உண்டு. இன்றும் அதில்தான் தொடங்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது அழுத்தம் அல்ல, சோர்வு. அழுத்தம் என்றால் தலைமேல் ஏதோ ஒரு பாரம் உட்கார்ந்திருக்கிறது: தேர்வு, கடன், மேலதிகாரி. அதை இறக்கிவைத்தால் ஆள் நிமிர்ந்துவிடுவார். சோர்வுக்குப் பாரம் எதுவும் வேண்டியதில்லை. பிடித்த பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், காதில் விழும், உள்ளே போகாது. இந்த நிலை இரண்டு வாரம் விடாமல் நீடித்தாலே மருத்துவர்கள் மனச்சோர்வு நோயா என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். உங்களுக்கு நாலு மாதம் ஓடிவிட்டது.

ஸ்ட்ரெஸ்ஸையும் டிப்ரஷனையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பியதில் பத்திரிகைக்காரர்களான எங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. "சொல்தானே, அதில் என்ன போச்சு?" என்று சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். நிறையப் போச்சு. அழுத்தத்தில் இருப்பவரிடம் 'லீவு போட்டுப் படுத்துத் தூங்கு' என்று சொல்லலாம், நல்ல யோசனை. சோர்ந்தவரிடம் அதையே சொன்னால் அவர் படுக்கையை விட்டு எழவே மாட்டார். படுக்கப் படுக்கச் சோர்வு கூடும், கூடக் கூட இன்னும் படுக்கத் தோன்றும். பெயர் தவறினால் வைத்தியமும் தவறிவிடுகிறது.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் 'மூடு வந்தால்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். உடம்பும் மனசும் நன்றாக இருக்கும் நாட்களில் முதலில் ஆசை வரும், பின்னாலேயே செயல் வரும். சோர்வில் இந்த வரிசை புரண்டுவிடுகிறது. செயல் முதலில் நடக்க வேண்டும். ஆசை பின்னால்தான் வரும், அதுவும் தாமதமாக, கொஞ்சம் கொஞ்சமாக. 1970களில் பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் ஏறக்குறைய இந்த அடிப்படையில்தான் சிகிச்சை வகுத்தார். 1996-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நீல் ஜேக்கப்சன் குழு அதைச் சோதித்துப் பார்த்தது. எண்ணங்களை மாற்றும் பயிற்சியோடு முழுச் சிகிச்சை பெற்றவர்கள் ஒரு பக்கம், அன்றாடச் செயல்களுக்குப் படிப்படியாகத் திரும்பியவர்கள் மறுபக்கம். செயலை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் பின்தங்கவில்லை.

'நல்லதையே நினை' என்று மேடைதோறும் முழங்கும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களை நான் விடாமல் எதிர்ப்பதும் இதனால்தான். நல்லதை நினைக்க முடியாமல் போவதே இந்த நோய். நினைக்கவில்லையே என்ற குற்றவுணர்வையும் சேர்த்துக் கட்டிச் சோர்ந்தவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எனக்கு ஆறவே ஆறாத கோபம் இது.

நாளைக் காலை ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். தூக்கம் வந்ததோ இல்லையோ, குறித்த நேரத்தில் எழுந்து வெளிச்சத்தில் பத்து நிமிடம் நடங்கள். பிடித்ததா என்று மனசைக் கேட்காதீர்கள். நடந்தேன் என்று ஒரு தாளில் குறித்தால் போதும். பழகியதும் வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் என்று கூட்டிக்கொள்ளுங்கள். 1999-ல் ட்யூக் பல்கலைக்கழகத்தார் மனச்சோர்வு கொண்ட, 50 வயது தாண்டிய 156 பேரை வைத்துச் செய்த ஆய்வில், 16 வார முடிவில் உடற்பயிற்சி செய்தவர்களும் மாத்திரை எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். தொடக்க வாரங்களில் மாத்திரைதான் வேகமாக வேலை செய்தது, அதையும் மறைக்கக் கூடாது. பயிற்சி செய்தவர்கள் குழுவாகச் செய்தார்கள். கூட நாலு பேர் இருந்ததும் உதவியிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆகவே தனியாக நடக்காதீர்கள், வரமாட்டேன் என்றாலும் விடாமல் இழுத்துப் போகிற ஒருவரைத் துணைக்குப் பிடியுங்கள்.

'இயற்கை' என்று கேட்டீர்கள். சர்ப்பகந்தா இயற்கையான செடிதான். அதன் வேரிலிருந்து 1952-ல் பிரித்தெடுத்த ரெசர்பின் என்ற மருந்தைச் சாப்பிட்ட ரத்த அழுத்த நோயாளிகளில் சிலர் கடும் மனச்சோர்வில் விழுந்ததாக அந்தக் கால மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஹைபெரிகம் என்ற மஞ்சள் பூச்செடி லேசான, மிதமான சோர்வுக்குக் கைகொடுப்பதாக மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 29 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டு ஆய்வில் சொல்கிறது. ஆனால் அதே செடி கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினின் வேலையைக் கெடுக்கும். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் எல்லை மீறி உயிருக்கே ஆபத்தாகலாம். இலையோ மாத்திரையோ, மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

மருத்துவரை எப்படியும் பார்க்கத்தான் வேண்டும். தைராய்டு குறைவு, பி12 குறைவு, ரத்தசோகை எல்லாம் இதே முகத்தோடு வரும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவராக இருந்தால் இந்தப் பதிலைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். 'இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் ஒரு தடவை தலைகாட்டினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நடைப்பயிற்சியை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

பதினைந்து நாள் கழித்து எனக்கு எழுதுங்கள். எத்தனை நாள் நடந்தீர்கள் என்று மட்டும் சொன்னால் போதும்.