முதல் ட்ரெய்லர் பயணம்: எதை ஏற்றுவது, எதை வீட்டில் விடுவது? வாசகர் கேள்வி–பதில்

கே: காரின் பின்னால் இழுத்துப் போய்த் தங்கும் ட்ரெய்லரில் அடுத்த வாரம் முதல் பயணம். என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்? முழுப் பட்டியல் அனுப்பவும். (கலிபோர்னியா)

ப: எந்த ட்ரெய்லர், எத்தனை பேர், போகிற இடத்தில் தண்ணீர், கரண்ட், கழிவு இணைப்பு உண்டா? ஒன்றையும் எழுதாமல் முழுப் பட்டியல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். எங்கே போனாலும் தேவைப்படுவதை மட்டும் சொல்கிறேன். சக்கர முட்டுக்கட்டை இரண்டு ஜோடி, ட்ரெய்லரைச் சமமாக நிறுத்தச் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் லெவலிங் பிளாக் ஒரு செட், குடிநீருக்கான வெள்ளை அல்லது நீல ஹோஸ் 25 அடி, தண்ணீர் அழுத்தத்தைக் குறைக்கும் பிரஷர் ரெகுலேட்டர், திடீரென எகிறும் மின்சாரத்தைத் தடுக்கும் 30 ஆம்ப் சர்ஜ் ப்ரொடெக்டர், கழிவு ஹோஸ், ஒரு பெட்டி கையுறை. ஹோஸுக்கு ரப்பர் வாஷர் நாலைந்து. 12 வோல்ட் ஃபியூஸ் 15, 20 ஆம்பில் இரண்டிரண்டு. நட்டைச் சரியான அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். புது வண்டியில் முதல் 50 மைலுக்குள் வீல் நட்டுகள் தளரும். 10, 25, 50 மைலில் நிறுத்தி, கையேட்டில் உள்ள அளவுக்கு (பெரும்பாலும் 100 அடி-பவுண்டை ஒட்டி) முறுக்குங்கள். காரோடு வந்த ஜாக் ட்ரெய்லரைத் தூக்குமா என்று வீட்டு வாசலிலேயே சோதித்துவிடுங்கள். தட்டு, டம்ளர், போர்வை பற்றி என்னைக் கேட்க வேண்டாம். மறந்தால் வழியில் வாங்கலாம்.

கே: தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பச்சை ஹோஸ் போதாதா?

ப: போதாது. அது குடிநீருக்குச் செய்ததல்ல, வெயிலில் கிடந்தால் காபியிலேயே ரப்பர் வாசம் அடிக்கும். ரெகுலேட்டரை ட்ரெய்லர் பக்கம் மாட்டாமல் குழாய்ப் பக்கம் மாட்டுங்கள். அழுத்தம் சில இடங்களில் 100 பி.எஸ்.ஐ.யைத் தொடும், ட்ரெய்லர் பைப்புக்கு 45 போதும். குழாய்ப் பக்கம் மாட்டினால் ஹோஸும் பிழைக்கும்.

கே: எங்கள் எஸ்.யு.வி. 7,700 பவுண்டு இழுக்கும். ட்ரெய்லர் காலி எடை 5,500தான். நாங்கள் ஐந்து பேர். வெட் கிரைண்டர், 20 பவுண்டு அரிசி, இரண்டு பெட்டி பாட்டில் தண்ணீர், ஜெனரேட்டர், பின் பம்பரில் நாலு சைக்கிள். இன்னும் 2,000 பவுண்டு இடம் இருக்கிறதே, வேறு என்ன எடுத்துக்கொள்ளலாம்? (டாலஸ்)

ப: பாதியை இறக்குங்கள். இதே கணக்கை மாதம் பத்துக் கடிதத்திலாவது பார்க்கிறேன். விற்பவர் சொன்ன ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு, ஓட்டுநர் கதவைத் திறந்தால் கண்ணுக்கு நேரே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஒருவரும் படிப்பதில்லை. 7,700 என்பது ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் மட்டும் உட்கார்ந்த வண்டிக்கான எண். உங்கள் குடும்பத்துக்கு அது பொருந்தாது.

ஸ்டிக்கரில் ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று போட்டிருக்கும். உங்கள் ரக வண்டியில் 1,300 என்று வைத்துக்கொள்வோம். 5,500 பவுண்டு ட்ரெய்லர் பேட்டரி, இரண்டு ப்ரொபேன் சிலிண்டர், சாமான் எல்லாம் ஏறியதும் 6,500 ஆகிவிடும். அதில் 12 சதவீதம், ஏறக்குறைய 800 பவுண்டு, காரையும் ட்ரெய்லரையும் பிணைக்கும் ஹிட்ச் மேல் உட்காரும். அதுவும் அந்த 1,300-க்குள்தான் வர வேண்டும். அந்த எடையை எல்லா அச்சுகளுக்கும் பரப்பும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்சுக்கு ஒரு 100. மிச்சம் 400. ஐந்து பேர் 650. அரிசி மூட்டை ஏறுமுன்பே 250 பவுண்டு அதிகம்! இதில் கிரைண்டர் எதற்கு? மாவை வீட்டில் அரைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். பாட்டில் தண்ணீரும் வேண்டாம், வெள்ளை ஹோஸ் வாங்கியது எதற்கு? தொட்டித் தண்ணீரையும் கணக்கில் சேருங்கள். காலன் ஒன்றுக்கு 8 பவுண்டுக்கு மேல், 40 காலன் தொட்டி நிரம்பினால் 330. அது வண்டிக்கு வண்டி அச்சுக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும் என்பதால் ஹிட்ச் எடையும் மாறும்.

சைக்கிள் அதைவிட மோசம். அந்தப் பம்பர் மெல்லிய தகட்டுக் குழாய், உதிரி டயரைத் தாங்கினாலே பெரிது. அச்சுக்குப் பின்னால் எடை ஏற ஏற முன்னால் ஹிட்ச் எடை குறையும். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் லாரி ஒன்று கடந்துபோகும் காற்றுக்கே வால் ஆடத் தொடங்கும். ஆடினால் காலால் பிரேக் மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டு, ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கை நெம்புகோலை மட்டும் அழுத்துங்கள். கனமான சாமானை அச்சுக்கு மேலே அல்லது சற்று முன்னால், தரையோடு தரையாக வையுங்கள்.

கடைசியாக, எடை போடுங்கள். நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் கேட் (CAT) ஸ்கேல் என்ற வண்டி எடை மேடை இருக்கும், முதல் முறைக்கு 15 டாலர் போல ஆகும். எல்லோரும் உட்கார்ந்தபடி, எடை பரப்பும் கம்பிகளைத் தளர்த்தி, ட்ரெய்லரோடு ஒரு முறை, கழற்றிவிட்டுக் காரை மட்டும் ஒரு முறை. காரின் இரண்டு அச்சு எடையையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு தடவைக்கும் உள்ள வித்தியாசம்தான் ஹிட்ச் எடை. 30 டாலருக்குள் தீரும் சந்தேகத்துக்கு எனக்கு எழுத வேண்டாம்.

கே: அல்கான்குவின் பார்க்கில் மூன்று நாள். கழிவு ஹோஸ் எத்தனை அடி வாங்க வேண்டும்? (மிசிசாகா)

ப: 15 அடி போதும். ஒன்டாரியோ ப்ரொவின்ஷியல் பார்க்குகளில் உங்கள் இடத்தில் கரண்ட் மட்டும்தான் எதிர்பார்க்க முடியும். தண்ணீரைப் பொதுக் குழாயில் தொட்டிக்குப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும், கழிவைத் திரும்பும்போது டம்ப் ஸ்டேஷனில் விட வேண்டும். ஹோஸில் மிச்சப்படும் காசில் 10 கேஜ், 30 ஆம்ப் எக்ஸ்டென்ஷன் கார்டு வாங்குங்கள். கரண்ட் கம்பம் தள்ளி இருந்தால் ட்ரெய்லரின் வயர் எட்டாது. புல்வெட்டும் இயந்திரத்துக்கு வைத்திருக்கும் ஆரஞ்சு வயரைப் போட்டால் உருகும். கழிவு ஹோஸும் குடிநீர் ஹோஸும் ஒரே பெட்டியில் கூடாது. இதை எத்தனை முறை எழுதினாலும் தகும்.

கே: ஏசி ஓடும்போது இண்டக்ஷன் போட்டால் பிரேக்கர் விழுகிறது. ட்ரெய்லர் பழுதா? (எடிசன்)

ப: பழுது இல்லை. 30 ஆம்ப் என்றால் மொத்தமே 3,600 வாட். ஏசி 14 ஆம்ப், வாட்டர் ஹீட்டர் கரண்டில் 12, இண்டக்ஷன் முழு வேகத்தில் 15. கூட்டினால் 40-ஐத் தாண்டுகிறதே. ஹீட்டரை ப்ரொபேனுக்கு மாற்றுங்கள், சமைக்கும் நேரம் ஏசியை நிறுத்துங்கள். சென்னையில் வாங்கிய 230 வோல்ட் மிக்ஸியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கே: பார்க்கில் கழிவு இணைப்பு இருந்ததால் பிளாக் டேங்க் (கழிப்பறைக் கழிவுத் தொட்டி) வால்வைத் திறந்தே வைத்தோம். ஆனாலும் நாற்றம், இப்போது அடைப்பு.

ப: ஆனாலும் இல்லை, அதனால்தான். திறந்திருந்தால் தண்ணீர் உடனே ஓடிவிடும், கெட்டி மட்டும் கீழே கோபுரமாக எழும்பிக் காய்ந்துபோகும். முதலில் வால்வை மூடி, 4 காலன் தண்ணீரும் டேங்க் மருந்தும் விடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் திறங்கள். பிளாக் முதலில், குளியல், பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் கிரே பிறகு, சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டு போகும். கழிப்பறைக் காகிதம் வாங்கும்போது ஒரு பாட்டில் தண்ணீரில் இரண்டு தாளைப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள், கரையாதது வேண்டாம். சொம்பும் தண்ணீருமாகப் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, டேங்க் மட்டும் சீக்கிரம் நிரம்பும். கிரே டேங்கில் எண்ணெய், சாம்பார் மிச்சம், கறிவேப்பிலைக் காம்பு போகக் கூடாது. தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

கே: டொரொன்டோவிலிருந்து நயாகரா வழியாக அமெரிக்கா போகிறோம். கறிவேப்பிலை, விறகு?

ப: இரண்டும் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையில் தங்கும் ஒரு பூச்சி ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும், எல்லையில் பறிமுதல்தான். விறகிலும் மரம் துளைக்கும் பூச்சி ஒளிந்து வரும். போகிற ஊரில் வாங்கி அங்கேயே எரியுங்கள்.

கே: நியூ ஜெர்சியிலிருந்து வர்ஜீனியா. ஜி.பி.எஸ். பால்டிமோர் சுரங்கம் வழியாகக் காட்டுகிறது. சிலிண்டர் வால்வை மூடினால் போதுமா?

ப: போதாது. அங்கே இரண்டு சுரங்கத்திலும் 10 பவுண்டுக்கு மேற்பட்ட ப்ரொபேன் சிலிண்டருக்கு அனுமதி இல்லை, உங்களுடையது குறைந்தது 20 இருக்கும். ஐ-695-இன் மேற்குப் பக்கமாகச் சுற்றிப் போங்கள். கிழக்குப் பக்கத்துக் கீ பாலம் 2024 மார்ச்சில் இடிந்துவிட்டது, பழைய வரைபடத்தை நம்பாதீர்கள்.

கே: யெல்லோஸ்டோனுக்கு பிரஷர் குக்கர் அவசியமா?

ப: அவசியம். அங்கே ட்ரெய்லர் நிறுத்தும் ஃபிஷிங் பிரிட்ஜ் 7,800 அடி உயரம். தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், துவரம்பருப்பு மணிக்கணக்கில் வேகாது. 3 லிட்டர் போதும், உதிரி கேஸ்கெட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே துணிச் சுவர் மடக்கு ட்ரெய்லருக்கு இடமில்லை, காரணம் கரடி.

கே: நின்ற ட்ரெய்லர் ஆடாமலிருக்க மூலைகளில் இறக்கும் ஸ்டெபிலைசர் ஜாக்கிலேயே தூக்கி லெவல் செய்யலாமா?

ப: கூடாது, ஃப்ரேம் முறுக்கிக்கொள்ளும், கதவு மூடாது. காரோடு இணைந்திருக்கும்போதே தாழ்ந்த பக்கச் சக்கரத்தை பிளாக் மேல் ஏற்றுங்கள். பிறகு முட்டுக்கட்டை. அதன் பிறகுதான் ஹிட்சைக் கழற்றுவது. முன்பின் சமத்தை முன் ஜாக்கில் பாருங்கள், கடைசியில் ஸ்டெபிலைசர். முட்டு வைக்காமல் கழற்றினால் ட்ரெய்லர் சரிவு பார்த்துத் தானே புறப்பட்டுவிடும்.

கே: மிளகாய் தாளித்தாலே புகை அலாரம் அலறுகிறது. அதன் பேட்டரியைக் கழற்றி வைக்கலாமா?

ப: கழற்றாதீர்கள். அந்தச் சின்ன அறைக்குள் நீங்கள் தூங்கப் போவது ஹீட்டரோடும் ப்ரொபேனோடும். 20 டாலருக்கு ஒற்றை பர்னர் அடுப்பு கிடைக்கும், தாளிப்பை வெளியே மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். புகை பக்கத்து ட்ரெய்லர் மேல் அடிக்காத இடமாகப் பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து ட்ரெய்லர்காரர் இருமிக்கொண்டு வருவார்.