வீட்டு பியர்: ஃப்ரிட்ஜில் வைத்த பழைய ஈஸ்ட், 30 மணி நேரமாகியும் நுரை வரவில்லை

பழைய ஈஸ்ட் போட்டும் நுரை வரவில்லையே, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். வோர்ட்டை (பியராக மாறவேண்டிய மால்ட் சாற்றை) கொட்டிவிடாதீர்கள். ஆறு வாரம் ஃப்ரிட்ஜில் கிடந்த ஈஸ்ட்டில் கணிசமான பகுதி செத்திருக்கலாம். மிச்சம் இருப்பது பெருகி எழ நேரம் பிடிக்கும்.

ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பில்) வரும் குமிழியை நம்ப வேண்டாம். மூடி கொஞ்சம் லூசாக இருந்தாலே வாயு அந்த வழியாகப் போய்விடும். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற அளவு இறங்கும். தொடக்கத்தில் 1.050 என்று எழுதியிருந்தீர்கள். 1.045-க்கு இறங்கியிருந்தால் வேலை நடக்கிறது, தொடாதீர்கள். 48 மணி நேரம் கழித்தும் அதே 1.050 என்றால் புது உலர் ஈஸ்ட் ஒரு பாக்கெட் போட்டுவிடுங்கள்.

சூட்டில் சீக்கிரம் கிளம்பும் என்று பால்கனிக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஏல் வகை பியருக்கான ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி போதும். நம் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீடுகளின் 30 டிகிரியில் பியரில் காட்டமான சாராய நெடி ஏறிவிடும், பிறகு அது போகவே போகாது. ஏர்கான் அறையில், தண்ணீர் ஊற்றிய தொட்டிக்குள் பாத்திரத்தை வையுங்கள்.

அடுத்த முறை முந்தின நாளே ஸ்டார்ட்டர் (ஈஸ்ட்டை முன்கூட்டிப் பெருக்கும் சிறு கரைசல்) போடுங்கள்: ஒரு லிட்டர் தண்ணீர், 100 கிராம் மால்ட் தூள், 10 நிமிடக் கொதி. நன்றாக ஆறியபின் ஈஸ்ட்.

ஒன்று மட்டும்: ஈஸ்ட் வைத்திருந்த ஜாடியில் வினிகர் வாடையோ இளஞ்சிவப்புப் படலமோ தெரிந்தால் ஸ்டார்ட்டரும் உதவாது, கிருமியும் சேர்ந்தே வளரும். அந்த ஈஸ்ட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.