வாசகர் கேள்வி – பதில்: சட்டைப் பைக்குள் அடங்கும் கமரா

கேள்வி: கனடாவிலிருந்து வந்த அண்ணா, முப்பது மடங்கு சூம் உள்ள சிறிய டிஜிட்டல் கமரா ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். பகலில் கரைவலை இழுப்பதை எடுத்தால் படம் பளிச்சென்று வருகிறது. கோணேசர் கோயிலில் மாலைப் பூசை முடிந்து வெளிவீதியில் நின்று எடுத்தால், படத்தின்மேல் மணலை அள்ளித் தூவியதுபோல் இருக்கிறது. திமிங்கிலம் பார்க்கப் படகில் போனபோது உருப்படியாக ஒரு படமும் கிடைக்கவில்லை. “என்ர போனே இதைவிடத் திறம், மாமி” என்று தம்பியின் மகன் சிரிக்கிறான். கமரா பழுதா, எனக்குத்தான் எடுக்கத் தெரியவில்லையா?
– வாசகி ஒருவர், உப்புவெளி

பதில்: கமராவும் பழுதில்லை, உங்கள் கையிலும் பிழையில்லை. இவ்வகைக் கமராக்களில் ஒளியை வாங்கும் சென்சர் பெரும்பாலும் 6.17 மில்லிமீற்றர் அகலமும் 4.55 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. பரப்பளவில் ஏறத்தாழ 28 சதுர மில்லிமீற்றர், சிறுவிரல் நகத்தைவிடச் சிறியது. கலியாண வீட்டுக்குப் படம் எடுக்க வருபவரின் பெரிய கமராவில், அது முழுச்சட்டக வகையாயின், சென்சர் 36க்கு 24 மில்லிமீற்றர், அதாவது 864 சதுர மில்லிமீற்றர். ஒரே மழையில் முற்றத்தில் ஒரு சிரட்டையையும் ஒரு கிடாரத்தையும் வைத்ததுபோல. பகல் வெயில் என்னும் அடைமழையில் சிரட்டையும் நிரம்பிவிடும். மாலைத் தூறலில் அதன் அடி மட்டுமே நனையும். அப்போது கமரா, கிடைத்த கொஞ்ச ஒளியைப் பெருக்கிக் காட்டுவதற்காக ஐ.எஸ்.ஓ. அளவைத் தானாகவே 1600க்கும் அதற்கு மேலும் ஏற்றிவிடுகிறது. நீங்கள் மணல் என்று சொல்வது அந்தப் பெருக்கலில் சேர்ந்து வரும் புள்ளிகள். படப்பிடிப்பில் அதை ‘இரைச்சல்’ என்பார்கள்.

ஆனால் அந்தச் சிரட்டைதான் உங்களுக்கு முப்பது மடங்கு சூமையும் தந்திருக்கிறது. சென்சர் சிறியதாக இருப்பதால்தான் 24 மில்லிமீற்றரிலிருந்து 720 மில்லிமீற்றர் குவியத்தூரத்துக்கு (எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் கிட்ட வரும்) ஈடான லென்ஸ் ஒன்றை உள்ளங்கைக்குள் அடக்க முடிகிறது. முழுச்சட்டகக் கமராவில் அந்த எட்டத்தைப் பெறப் புறப்பட்டால் கை நீளத்துக்கு ஒரு லென்ஸைச் சுமக்க வேண்டியிருக்கும். தம்பியின் மகன் சொல்வதில் பாதி சரி. இரவில் கைத்தொலைபேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்ப்பதால் அந்த நேரத்தில் அது வெல்லும். அவனைக் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையின் உச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய், கீழே கடலில் தூரத்தே மிதக்கும் தோணியை இருவரும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான தொலைபேசிகள் அவ்வளவு தூரத்தில் செய்வது படத்தை வெட்டிப் பெருப்பிப்பதே.

மாலையில் எடுக்கும்போது முதலில் சூமை முழுவதுமாக உள்ளே இழுத்துவிடுங்கள். இத்தகைய லென்ஸ்களில் அகலக் கோணத்தில் எஃப் 3.5 ஆக இருக்கும் துவாரம் சூமின் எல்லையில் எஃப் 6.4 அளவுக்குச் சுருங்கும் (எஃப் எண் கூடினால் துவாரம் சிறிது). அங்கே உள்ளே வரும் ஒளி மூன்றில் ஒரு பங்கிலும் குறைவு. ஆகவே பத்தடி முன்னால் நடந்து போவது, இருந்த இடத்தில் நின்று சூம் செய்வதைவிட நல்லது. ஐ.எஸ்.ஓ.வுக்கு 800 என்று உச்சவரம்பு வைத்து, மதிலிலோ தூணிலோ கையை ஊன்றி, பொத்தானை அழுத்தி இரண்டு செக்கன் கழித்துத் தானாக எடுக்கும் முறையில் எடுங்கள். பிளாஷ் மூன்று நான்கு மீற்றருக்கு மேல் எட்டாது. திருவிழாக் கூட்டத்தில் அதைப் போட்டால் முன்னால் நிற்பவரின் பின்தலை வெள்ளையாகவும் சுவாமி இருட்டாகவும் வரும். அரை மணித்தியாலம் முன்னதாகவே போய், வானத்தில் வெளிச்சம் எஞ்சியிருக்கும்போது கோபுரத்தை எடுத்துவிடுவது இவை எல்லாவற்றிலும் எளிது.

இன்னொன்று: படத்தைக் கணினித் திரையில் பெருப்பித்துப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். ஆறுக்கு நான்கு அங்குலத் தாளில் அச்சிடுவதற்கு 1800க்கு 1200 புள்ளிகள் போதும், இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்றே கூட. அந்த அளவில் ஐ.எஸ்.ஓ. 800இன் இரைச்சல் பெரும்பாலும் கண்ணுக்குப் படாது.

திமிங்கிலத்தின் சங்கதி வேறு. ஆடும் படகில் 720 மில்லிமீற்றரை நீட்டிக்கொண்டு கடலில் தேடுவது, மூங்கில் குழாய்க்குள்ளால் காகத்தைத் தேடுவது போன்றது. சூமைக் குறைத்து, நீராவி எழும்பும் இடத்தைத் திரையில் பிடித்த பிறகே மெல்ல நீட்டுங்கள். ஷட்டர் வேகத்தைத் தெரிவு செய்ய வசதி இருந்தால் 1/1000 செக்கன், இல்லாவிட்டால் விளையாட்டு முறை. பொத்தானைப் பாதி அழுத்திக் குவியத்தை முன்கூட்டியே பிடித்துவைத்திருந்தால், அழுத்தியதற்கும் படம் விழுவதற்கும் இடையிலான சுணக்கம் பெருமளவு குறையும். உச்சி வெயிலில் திரை தெரியாது என்பது இக்கமராக்களின் தீராத குறை. நான் தொப்பியைக் கழற்றித் திரைக்குக் குடை பிடிப்பதுண்டு. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

உங்கள் கடற்கரை கிழக்கைப் பார்த்தது என்பதையும் மறக்க வேண்டாம். காலையில் கடலை நோக்கி எடுத்தால் கரைவலைக்காரர் கறுப்பு உருவங்களாகத்தான் வருவர். அது அழகு என்றால் எடுங்கள், முகம் வேண்டுமென்றால் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் சாயும் பிற்பகலில் எடுங்கள். வெள்ளை மணலைக் கண்டு ஏமாந்து கமரா எல்லாவற்றையும் இருட்டாக்கும்போது, ஒளியளவுத் திருத்தத்தைக் கூட்டல் 0.7க்கு வைத்தால் மணல் மணலாக வரும்.

கேள்வி: நிலாவெளிக் கடற்கரைக்குப் போய்வந்த பிறகு லென்ஸ் வெளியே வரும்போது கரகரக்கிறது. எண்ணெய் விடலாமா?
– வாசகர் ஒருவர், திருகோணமலை நகரம்

பதில்: வேண்டவே வேண்டாம். எண்ணெய் மணலைப் பிடித்துவைக்கும், கண்ணாடிக்கும் பரவும். நீண்டு சுருங்கும் லென்ஸ் குழலின் வளையங்களுக்கிடையில் ஒரு மணற்பரல் புகுந்தாலே போதும். எனக்கு நேர்ந்ததும் இதுவே. காற்சட்டைப் பையில் உறையில்லாமல் போட்டுக்கொண்டு கடற்கரையில் இருந்தேன். மறுநாள் லென்ஸ் பாதி வெளியே வந்து நின்று, திரையில் பிழை என்று காட்டி, கமரா அணைந்துவிட்டது. திருத்தகத்தில் கேட்ட தொகை கமராவின் விலையில் பாதிக்கு மேல். ஆகவே கரகரப்பு தொடங்கிய கட்டத்திலேயே, லென்ஸ் வெளியே நிற்கும்போது பற்றரியைக் கழற்றிவிட்டு, முகம் கீழே பார்க்கப் பிடித்து, ரப்பர் ஊதியால் வளையங்களைச் சுற்றி ஊதுங்கள். வாயால் ஊதினால் ஈரம் உள்ளே போகும். உப்புக்காற்றுப்பட்ட உடலை நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து கடற்கரைக்குப் போகும் நாளில், பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் பொறுத்தால் லென்ஸில் பனி படியாது.

கேள்வி: பழைய சிறு கமராவுக்கு 64 ஜி.பி. மெமரி காட் வாங்கினேன். கமரா அதை ஏற்க மறுக்கிறது. காட் போலியா?
– வாசகர் ஒருவர், மூதூர்

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. 32 ஜி.பி.க்கு மேற்பட்டவை எஸ்.டி.எக்ஸ்.சி. வகை, 2009இல் அவ்வகை அறிவிக்கப்படுவதற்கு முன் செய்த கமராக்களுக்கு அதன் கோப்பு முறை புரியாது. கமராவின் உடலிலோ கையேட்டிலோ எஸ்.டி.எச்.சி. என்று இருந்தால் 32 ஜி.பி. வரை வாங்கலாம். வெறும் எஸ்.டி. என்று மட்டும் இருந்தால் 2 ஜி.பி. காட்டைத் தேட வேண்டும். புதிதாகக் கிடைப்பது அரிது, வீட்டு மேசை லாச்சிகளில் ஒருமுறை துழாவிப் பாருங்கள்.