பிசிக்ஸா, இன்ஜினியரிங்கா: ஜெர்மனி கிளம்பும் தம்பிக்கு

எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடித்தாயிற்று, ஜெர்மனியில் பிஎச்டியை அதிலேயே செய்வதா, இன்ஜினியரிங் பக்கம் தாவுவதா, எதற்கு வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் தேவனாம்பட்டினம் பெரியார் கல்லூரியில் பிசிக்ஸ் படித்தவன்தான், தம்பி.

வேலை இரண்டுக்கும் உண்டு. இன்ஜினியருக்கு அவர் துறையிலேயே கிடைக்கும். பிசிக்ஸ்காரர் லென்ஸ் கம்பெனி, சிப் தொழிற்சாலை, சாஃப்ட்வேர், இன்சூரன்ஸ் என்று எங்காவது புகுந்துவிடுவார். பிசிக்ஸ் படித்த ஏஞ்சலா மெர்க்கெல் ஜெர்மனியின் சான்சலராக 16 வருடம் நாட்டையே ஆண்டார்!

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். இங்கே பிஎச்டி என்பது சம்பள வேலை. இன்ஜினியரிங் துறைகளில் பெரும்பாலும் முழுப் பதவி, அதாவது முழுச் சம்பளம், தருவார்கள். பிசிக்ஸில் அதே இ13 என்கிற அரசுச் சம்பளப் படிநிலையில் பாதி, மூன்றில் இரண்டு, மிஞ்சினால் முக்கால். சம்பளம்தான் பாதி, லேபில் இருக்க வேண்டிய நேரம் முழுசு. முழுச் சம்பளக்காரர்களும் கம்பெனி புராஜெக்ட், பாடம் நடத்துவது என்று இழுபட்டு ஐந்து வருடம் தாண்டுவது சகஜம். அதனால் கைடிடம் முதலிலேயே கேளுங்கள்: எத்தனை சதவீதம், எத்தனை வருட காண்ட்ராக்ட்? கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நம் ஊர் கைடு மாதிரி இல்லை.

நான் வந்தது பாதிப் பதவியில். வந்த முதல் குளிர்காலத்தில்தான், 2011 டிசம்பர் கடைசியில், தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. வீட்டுக்கு போன் போகவில்லை. பண்ருட்டிப் பக்கம் மாமாவின் முந்திரித் தோப்பில் ஒரு மரம் மிச்சமில்லை என்று பிறகு தெரிந்தது. டிக்கெட் எடுக்கக் கையில் காசில்லை. என் புரொஃபசர் அந்த வாரமும் ரீடிங் எங்கே என்று கேட்டார்.

பட்டத்துக்குப் பிறகு பல்கலைக்கழகத்திலேயே ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 2007 சட்டப்படி தற்காலிக காண்ட்ராக்ட் அதிகபட்சம் பட்டத்துக்கு முன் ஆறு வருடம், பின் ஆறு வருடம்தான். குழந்தை பிறந்தால் கொஞ்சம் நீட்டிப்பார்கள். போஸ்ட்டாக், போஸ்ட்டாக் என்று பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சி வேலைகளிலேயே ஓடி, நாற்பது வயதில் தெருவில் நிற்கும் கெட்டிக்காரர்களை எனக்குத் தெரியும், அதில் பாதிப் பேர் பிசிக்ஸ்.

அப்புறம், ஜெர்மன். லேபில் ஆங்கிலம் போதும் என்பார்கள் நம் ஆட்கள். பத்து வருடமாகப் பொங்கல் விழாவில் மட்டும் தலைகாட்டி, ரொட்டிக் கடையில் விரலால் காட்டி வாங்குகிற கூட்டம் அது. நான் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தேன். இன்டர்வியூவில் என்னை எடுத்தது அதனால்தான், தீசிஸை யாரும் புரட்டக்கூட இல்லை.

விசா, நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் விவரமெல்லாம் தூதரகத் தளத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். குளிர் கோட்டு மட்டும் பாண்டியில் வாங்க வேண்டாம்.